ஒற்றைப்படை

ரூஸே நகரத்தில் முதல் வாரம்
கட்டடத்தின் இரும்புக் கதவில் ஒட்டியிருந்த மனிதர்
தேர்தலில் நிற்கிறார் என்று நினைத்தேன்.
கறுப்பு வெள்ளைப் படம், கோட்டு, லேசான முறைப்பு,
கீழே வாக்குறுதி மாதிரி நாலு வரி.
படியேறும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்
வார்டு கவுன்சிலர் என்கிற மரியாதைக்கு.

அதற்குள் வெங்காயத்தில் தோற்றிருந்தேன்.
பென்ச்சோ கடையில் இருக்கிறதா என்று கேட்டால்
இடமும் வலமுமாகத் தலையை ஆட்டுகிறார்.
இல்லை போல என்று தெருவுக்கு வந்தால்
பையோடு பின்னால் ஓடிவருகிறார்.
இங்கே அந்த ஆட்டம்தான் ஆமாம்.
மேலும் கீழும் அசைத்தால் இல்லை.
என்னுடையதோ கடலூர்த் தலை,
இரண்டுக்கும் நடுவே எட்டுப் போடும்.
அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்றார்.
எட்டுப் போட்டேன்.
முக்கால் கிலோ நிறுத்துக் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்துக் கதவில் புதுத் தாள்.
அதே முகம், வேறு நாலு வரி.
தோற்றுப்போய் மறுபடி நிற்கிறாரா என்றேன்
பெயின்ட் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ருமெனிடம்.
வாசித்துவிட்டுச் சொன்னான்:
இவர் நிற்கவில்லை,
போன வருடமே படுத்துவிட்டார்.
கிரில். மூன்றாம் மாடி யொர்தான்காவின் கணவர்.

கண்ணீர் அஞ்சலி!
எனக்குத் தெரியாததா?
எங்கள் ஊரில் அது சுவர் அகலம்.
போனவர் நடுவில் சின்னதாக,
சுற்றிலும் செல்போனைக் காதில் வைத்தபடி
வருந்துகிறவர்கள் பெரிதாக.
மறுநாள் அதன்மேல் காதுகுத்து வந்துவிடும்.
இங்கே ஒரு தாள், நாலு துண்டு டேப், தனி ஆள்.
நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒரு வருடம்,
சில கதவுகளில் இருபது வருடம்.
ஒட்டுகிற கைதான் கிழடாகிறது.

பூ வாங்கப் போனேன்.
நாலு மஞ்சள் பூவை எடுத்ததும்
நெவெனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
இருக்கிறவருக்கா, இறந்தவருக்கா?
இரட்டைப்படை சவத்துக்கு,
ஒற்றைப்படை உயிருக்கு.

சிரித்துவிட்டேன், பூக்கடையில்.
ஐந்நூறு வைத்தால் கணக்கு முடிந்துவிடும் என்று
மொய்க்கவரில் ஒற்றை ரூபாயை ஒட்டித் தரும் ஜனம் நாங்கள்.
தூக்கிப் போவதற்கு மட்டும்
நாலு பேர்.
இதை எந்த மொழியில் சொல்வது?
விரல்களில் சொன்னேன். அவளும் விரல்களில் கேட்டாள்.
பிறகு அவருக்கு நாலு, அவளுக்கு அஞ்சு என்று
இரண்டு கட்டாகக் கட்டினாள்.

யொர்தான்கா ஒன்பதையும்
ஒரே ஊறுகாய் ஜாடியில் போட்டுவிட்டாள்.

காகிதக் கோப்பையில் வேகவைத்த கோதுமை,
மேலே பொடித்த சர்க்கரை, வால்நட்.
துக்க வீட்டில் ருசியாக இருக்கிறது என்று
சொல்லக் கூடாது எங்கள் பக்கம்.
அவளோ நான் அதைச் சொல்வதற்காகவே
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இரண்டாம் கோப்பை கேட்டேன்.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பிய காலை
பெட்டியோடு மூன்று படி இறங்கியிருப்பேன்,
பின்னால் சளாரென்று தண்ணீர்.
ஒரு செம்பளவு.
முதுகு சில்லிட்டது, நனையாமலே.
பிணம் எடுத்த வாசலைத்தான்
நாங்கள் அப்படிக் கழுவுவோம்.
அவள் வாசலில் நின்று, கையை நீட்டி,
வழுக்கிக்கொண்டு போவதுபோல் காட்டினாள்:
தண்ணீர் மாதிரி, தடங்கல் இல்லாமல்.
அது அதற்குள் என்னைத் தாண்டி
படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே கிரிலுக்கு ஒரு மூலை பெயர்ந்திருந்தது.
டேப்பை அழுத்திவிட்டேன்.

டாக்சிக்காரர் கேட்டார்:
புக்காரெஸ்ட் விமான நிலையம்தானே?
ஒன்றரை வருடப் படிப்பு,
இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினேன், சுத்தமாக.
அவரோ என் நிறத்தைப் பார்த்து
வெளியூர்த் தலை என்று அர்த்தத்தைத் திருப்பிக்கொண்டு
இறங்கிப்போய்
டிக்கியிலிருந்து பெட்டியை வெளியே எடுத்தார்.