கணியம்

சுகிர்தா, நீ கேட்டதால் சொல்கிறேன்.
முட்டத்துப் பாறைக்கு எல்லாரும் போகிறார்கள்.
தேங்காப்பட்டணம் பொழிமுகம் நல்லதுதான்,
இரண்டு பஸ் மாறவேண்டும்.
நீ மணக்குடிக்குப் போ.

கீழமணக்குடியா மேலமணக்குடியா என்பார் கண்டக்டர்.
பாலம் என்று சொல்.

பெனிட்டனிடம் இரண்டு கயாக்.
ஆரஞ்சு வேண்டாம்,
வள்ளம் ஒட்டுகிற பைபர் பசையில்
மூன்று ஒட்டுப் போட்டது, இடப்பக்கம் சாயும்.
பச்சையைக் கேள்.
தர மாட்டான்.
ஆரஞ்சில் ஏறு.

செருப்பை மடியில் வைத்துக்கொள்.
நான் கரையில் விட்டேன்,
ஏற்றத்தில் வந்த தண்ணீர்
இடது காலுடையதை மட்டும் கேட்டு வாங்கிப்போனது.

பொழி முறிந்திருந்தால்
பாலத்துக்குத் தெற்கே போகாதே.
நீவாடு உன் பெயர் கேட்காமல் கூட்டிப்போகும்.
வடக்கே போ, கண்டல்காட்டுப் பக்கம்.
முழங்கால் மடக்காமல் நிற்கிற வேர்கள்,
அவற்றிடையே குட்டிமீன்களின் அவசரம்.

பழைய பாலத்தின் கான்கிரீட் துண்டில்
ஒரு கொக்கு இருக்கும்.
அதைப் பற்றி பெனிட்டனிடம் கேட்காதே.
அவனாகச் சொன்னால்
துடுப்பை நிறுத்து.

சேறு எங்கே என்று மட்டும் கேள்.
மருந்துவாழ்மலை உச்சியும்
உப்பளத்து மோட்டார் கொட்டகையும்
ஒன்றன்பின் ஒன்றாய் வந்தால் சேறு.
மலை ஒரு விரல் விலகினால் ஆழம்.
கணியம் என்பான்.
கடலில் பாருக்குப் போவதும் இதே கணக்கில்தான்,
ஜிபிஎஸ் சட்டைப்பையில் இருக்கும்போதும்.

காலையெல்லாம் அந்த மலையைப் பார்த்தே துழாவினேன்.
பார்த்துப் பார்த்து
அதற்கு ஏதோ கடன்பட்டது போலாகிவிட்டது.
எனவே பத்து மணிக்குப் பொற்றையடி.
(நீ ஏழுக்கே போ.
வெயில் பாறையில் ஏறிவிட்டால் இறங்காது.)

வலது செருப்பைப் பையில் செருகிக்கொண்டு
வெறுங்காலோடு ஏறினேன்.
ஒற்றைச் செருப்பு எதற்கு?
எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.
படிக்கட்டு முடிகிற இடத்தில்
சுண்ணாம்பு அம்புக்குறிகள் ஆரம்பம்.
மூன்றாவது அம்புக்குறியில்
ஒரு குரங்கு பையைத் திறந்து
வாழைப்பழத்தை விட்டுவிட்டுச்
செருப்பை எடுத்துப்போனது.

காயலுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று.
அதன் பிறகு கால் சுட்டாலும் நடை லேசாக இருந்தது.

உச்சியில் காற்று, கச்சான்,
பேச விடாது; பேச ஆளுமில்லை.
கீழே தென்னந்தோப்புகள், குளங்கள்,
உப்பளத்துக் கண்ணாடிச் சதுரங்கள்,
அப்புறம் காயல்,
யாரோ கொட்டிவிட்டுத் துடைக்க மறந்த தேநீர் போல.
அதன் நடுவில் ஓர் ஆரஞ்சுப் பொட்டு.
அப்படித்தான் நினைத்தேன்.
இவ்வளவு தூரத்தில் எதுவும் ஆரஞ்சாக இருக்கலாம்.

இடப்பக்கம் சாய்ந்தபடி
என்னைப் போல் ஒரு புதியவர்,
தலையைத் தூக்கி
இந்தப் பாறையைத் தேடிக்கொண்டிருப்பார்.
கொட்டகைக்கு நேராக வந்துவிட்டதா,
ஒரு விரல் விலகியிருக்கிறதா.

அவர் சேற்றைத் தாண்டும்வரை
நான் அசையாமல் நின்றேன்.