அமிலச் சொட்டு

தாண்டிக்குடிக்கு மேலே, காப்பித்தோட்டம் முடியுமிடத்தில்
பாறை வாய் பிளந்திருந்தது.
சுண்ணாம்புக் குகை என்று மனுவில் எழுதியிருந்தார்கள்.
ரெஜினா குப்பியைத் திறந்து
ஒரு சொட்டு அமிலம் விட்டாள்.
நுரைக்கவில்லை.
இன்னொரு சொட்டு.
பாறை அதைத் தண்ணீர்போல வாங்கிக்கொண்டது.

"வெறும் வெடிப்புதான். போகலாமா?"
கயிற்றை நாவல்மரத்தில் கட்டிவிட்டிருந்தேன்,
அவிழ்க்க மனமில்லை.

தோள் நுழைந்தது. இடுப்பு யோசித்தது.
வௌவால் நெடி
விளக்கொளியில் மஞ்சளாகத் தெரிந்தது.
முப்பத்தோரு மீட்டரில் அளவுநாடா தீர்ந்தது,
குகை தீரவில்லை.

விளக்கை அணைத்தேன்.
எங்கோ ஒரு சொட்டு.
நெடுநேரம் கழித்து
என் பின்கழுத்தில் மற்றொன்று.
நுரைக்கிறேனா என்று
மலை பார்க்கிறது.

"ஏதாவது இருக்கா?" மேலிருந்து ரெஜினா.
நான் வாயெடுப்பதற்குள்
இருக்கா, இருக்கா என்றது குகை,
என்னிடம்.

படிவத்தில் கல்வகை: சார்னோகைட்.
பயன் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டோம்.

பண்ணைக்காட்டு டீக்கடைத் தூணில்
வெற்றிலை போட்டவர்கள் துடைத்த விரல்தடங்கள்,
வெள்ளை வெள்ளையாய்க் காய்ந்து.
குப்பியின் கடைசிச் சொட்டை
அதில் விட்டாள் ரெஜினா.

சொய்யென்று பொங்கியது.
டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.