முந்நூறு மணி

கோமாரிக் கரை, வற்று நேரம்.
சுத்தியலால் மூன்று அடி. நான்காவதில் கல் விட்டது.
"இந்தக் கல்லுக்கா மிஸ் இவ்வளவு தூரம்?"
ஓட்டோவில் சாய்ந்தபடி கிருபைராசா.
மணல் சுண்ணாம்பு குடித்து இறுகிய கல்.
விளக்கம் சொல்லவில்லை. பையில் போட்டேன்.

ஒலுவில் ஆய்வுகூடத்தில்
தலைமயிரிலும் மெல்லிதாய் அதை அரைத்து
கண்ணாடியில் ஒட்டித் தந்தாள் ஹிதாயா.
முந்நூறு மணி எண்ண வேண்டும்.
தட்டு ஒரு பல் நகரும்,
குறுக்குக்கம்பி எதில் விழுகிறதோ
அதற்கொரு கோடு.

குவார்ட்ஸ். குவார்ட்ஸ். பெல்ஸ்பார்.
குவார்ட்ஸ்,
தட்டைச் சுழற்றினால் நிழல் ஒரேயடியாய் விழாமல்
ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஊர்கிறது.
நசுங்கிய மணி இப்படித்தான் இருளும்.
இரண்டு நிலம் மோதிய பாரத்தை
ஐம்பத்தைந்து கோடி ஆண்டாய்
இது இன்னும் இறக்கி வைக்கவில்லை.

மைக்ரோக்ளின் வந்தால் ஹிதாயாவைக் கூப்பிட வேண்டும்.
"மருதமுனைச் சாரம்! கட்டத்தப் பாருங்க."
சாம்பலும் வெள்ளையுமாய், இழை பிசகாத நெசவு,
ஆழத்தில் மெல்ல ஆறிய பாறையின் பிள்ளை.
எரிமலைச் சில்லு ஒன்றுகூட இல்லை.
அந்த வெறும் நிரலும் சாட்சி சொல்லும்.

நூற்று எண்பத்தேழு
சிவப்பு.
கார்னெட் என்றே முதலில் நினைத்தேன்.
கார்னெட் குறுக்கொளியில் முழு இருட்டாகும்.
இதற்குள்ளோ பொடிப்பொடியாய்க் குவார்ட்ஸ் மின்னியது,
சுற்றிவரச் சுட்ட களிமண்.
ஓடு.
யாருடைய கூரையோ.
எந்த அலை கொண்டு போனதோ.
கல் அதையும் மணலென்றே எடுத்துக் கட்டியிருக்கிறது.

விதியில் மயக்கமில்லை: மனிதர் சுட்டது கணக்கில் சேராது,
தாண்டு.
தாண்டினேன்.
பிறகு தாளின் ஓரத்தில்
பென்சிலால் ஒரு கோடு.
ஹிதாயா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தேகாலுக்கு முந்நூறு முடிந்தது.
முக்கோணத்தில் என் புள்ளி
கண்டத்தின் பக்கமாய் விழுந்தது:
மேலெழுந்த பழந்தரை,
ஆறுகள் அரித்துத் தீர்த்த மலை,
அதன் மற்றப் பாதி அந்தாட்டிக்காப் பனிக்கடியில்.
இரண்டு தரம் சரிபார்த்தேன். பசித்தது.

வாசலில் ஓட்டோ.
"என்ன மிஸ், கல்லு எவடமாம்?"
"ஒரு மலை. இப்ப இல்ல.
அதுக்கு முந்தி வேற ஒரு கண்டத்தோட..."
"ஒரு எடம் சொல்லுங்களன்!
சென்றிப் பொயின்ற்ல நாங்க இப்பிடிச் சொல்லியிருந்தா
விட்டிருப்பானா?"
சிரித்துக்கொண்டே விரல் மடக்கினான்:
பிறந்தது தாண்டியடி, பிறகு காட்டுப்பக்கம்,
பிறகு பள்ளிக்கூடத்து வராந்தா,
பிறகு தகரக் கொட்டில்.
நாலாவது விரலில் நிறுத்திவிட்டு
காலடி ரப்பர் விரிப்பைத் தூக்கி
கேற்றுத் தூணில் இரண்டு அடி.

ஒலுவில் மண்ணில் கோமாரி மணல் உதிர்ந்தது.
"ஏறுங்க மிஸ்" என்றான்.