நூற்று எழுபத்து நான்கு கிராம்

களியக்காவிளை ஹார்டுவேர் கடைக்காரர்
ஒவ்வொரு தடவையும் கேட்பார்:
"கக்கூஸ் அடைப்பா?"
ஆமாம் என்பேன்.
மாதம் இரண்டு கிலோ காஸ்டிக் சோடாவுக்கு
ஒரு வீட்டில் எத்தனை அடைப்பு இருக்கும் என்று
அவரும் கணக்குப் பார்த்ததில்லை.

எண்ணெய் பாறசாலையில்.
எல்லைக்கு அந்தப் பக்கம் சில வாரம் விலை குறையும்,
சில வாரம் கூடும்,
போய் இறங்கினால்தான் தெரியும்.
கேரளா பஸ்ஸில் கேனை மடியில் வைத்து வருவேன்.
மூடி கசிந்து சேலையில் ஒரு வட்டம் விழும்.
பக்கத்து சீட்டு ஆள்
செக்கு எங்கே என்று மலையாளத்தில் கேட்பார்,
நான் தமிழில் வழி சொல்வேன்.

ஆயிரம் கிராம் எண்ணெய்க்கு
நூற்று எழுபத்து நான்கு கிராம் காரம்.
பத்து கூடினால் தோல் உரியும்.
பத்து குறைந்தால் பிசுபிசுக்கும்.
தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும்.
காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால்
முகத்துக்கு வரும்.

முதல் தடவை அச்சு இல்லை.
பென்சிகரின் ரப்பர் டிஷ்
புகைப்புரைச் சுவரில் சாய்ந்திருந்தது.
நல்ல சதுரம், நல்ல ஆழம்,
அலுமினியம்.
காரம் அலுமினியத்தைத் தின்னும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
ஊற்றினதும் சீறியது.
சாம்பல் நிறத்தில் நுரை பொங்கி
கல் தரையில் வழிந்தது.
கழுவிப் பார்த்தால்
டிஷ்ஷின் அடி முழுக்க அம்மைத் தழும்பு.

அவர் மரம் வெட்டி முடித்து
பால் வாளியோடு வந்து பார்த்தார்.
டிஷ்ஷை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
மூன்று ஊசி வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது.
ஒன்றும் சொல்லாமல்
மிச்ச டிஷ்களில் பாலை அளந்து
ஆசிட் கலக்கப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சு
சாளை விலை, கரண்ட் பில்,
கேஸ் புக் பண்ணியாச்சா.

பத்தாம் வகுப்பு அஜிஷாதான்
சாப்பிடும்போது சொன்னாள்:
"அப்பா கையில ஆசிட், அம்மா கையில காரம்.
ரெண்டும் சேர்ந்தா உப்பும் தண்ணியும்."
சொல்லிவிட்டு
யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்தாள்.
அவர் மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.
நான் உப்பை நகர்த்தி வைத்தேன்.

இரண்டாம் தடவை பால் பாக்கெட் அட்டைப்பெட்டியில்
பிளாஸ்டிக் தாள் விரித்து ஊற்றினேன்.
காலையில் வெட்டலாம் என்று தூங்கிப்போனேன்.
தேங்காய் எண்ணெய் அதற்கெல்லாம் காத்திருக்காது.
கத்தி வைத்தால் கருப்பட்டி மாதிரி உடைந்தது.
மூன்றாவதை
இளஞ்சூட்டிலேயே, நள்ளிரவில்,
மீன்பிடி நரம்பால் அறுத்தேன்.

பாறசாலை டெல்பின் அறுபது கேட்டாள்,
பேரனின் ஞானஸ்நானத்துக்கு, ஒன்பதாம் தேதி.
சோப்புக்கு நாலு வாரம் காற்று வேண்டும்,
இருபத்துமூன்று வரை ஆகும் என்றேன்.
பிள்ளை அதுவரை காத்திருக்காது என்றாள்.
கடைசியில் அறுபதுக்கும் சீட்டு ஒட்டிக் கொடுத்தோம்:
இருபத்துமூன்றுக்கு முன் நனைக்க வேண்டாம்.
தமிழில் நான் எழுதினேன்.
பஸ் போர்டு பார்த்துப் பழகின எழுத்தில்
மலையாளத்தில் அஜிஷா.
பத்தாம் தேதியே ஒரு போன் வந்தது.
எரியுது என்றார்கள்.
சீட்டை வாசித்தீர்களா என்றேன்.
எந்தச் சீட்டு என்றார்கள்.

ஆனதா என்று பார்க்க ஒரே வழி
நாக்கு.
பழைய பேட்டரியை நக்கின மாதிரி
சுரீர் என்றால் இன்னும் ஆகவில்லை.
ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து
அலமாரி முன் நின்று
நாக்கை நீட்டுவேன்.
கடிக்கும். மூடி வைப்பேன்.

இருபத்துமூன்றாம் தேதி விடியற்காலை
நான் எழுமுன்பே
அலமாரி திறந்திருந்தது.
நெற்றி விளக்கைக் கழற்றாமல்
பென்சிகர் ஒரு துண்டைக் கையில் வைத்திருந்தார்.
விரலில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது.
மெதுவாக நாக்கை நீட்டினார்.
நன்மை வாங்கும்போது மட்டும்
அவர் அப்படி நிற்பார்.

"கடிக்கல்ல" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து,
"அந்த டிஷ் நூத்தி அறுபது ரூவா."