எழுநூறு மில்லி

நான்காம் படுக்கைக்கு எதிர்ச்சுவரில்
ஓர் அருவியை ஒட்டியிருந்தார்கள்.
எந்த நாட்டு அருவியோ,
நாலு மணி நேரமும் கொட்டும்.
கையில் இரண்டு ஊசி, நாக்கில் மணல்,
பார்த்துக்கொண்டே கிடப்போம்.
நாளுக்கு எழுநூறு மில்லி என்று
அளந்து விட்டிருக்கிறார்கள் எங்களுக்கு.
எங்கள் முன்னாலா இப்படிக் கொட்டுவது?
"நீங்கதான் ஸ்டுடியோக்காரராச்சே,
வேற படம் எடுத்துத் தாங்களேன்" என்றார்
சிஸ்டர் எமல்டா. "சாந்தமா இருக்கணும்."

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே
உடம்பு கொஞ்சம் சொன்னபடி கேட்கும் நாள்
புதன்.
தை கடைசிப் புதன், இருட்டோடு,
மன்னார்குடியிலிருந்து தெற்கே முதல் பஸ்.
இறங்கி வரப்பில் நடந்தால் ஏரி.
மேல்கரையில், முழங்கால் தண்ணீரில்
அந்த நீர்மருது.
புயலுக்கு ஒரு கிளையைக் கொடுத்துவிட்டு
மீதியை வைத்துக்கொண்டு நிற்கிறது.

இடது கையால் கனம் தூக்கக் கூடாது.
மணிக்கட்டுக்கு மேலே, தோலுக்கடியில்,
தூரத்துப் பம்புசெட் மாதிரி
ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும்.
அது நின்றால்தான் பயம்.
அதனால் முக்காலி.
மூன்று காலும் சேற்றில் மூன்று ஆழம் போயின.

இருபத்தாறு வருடமாக
பெண்ணழைப்பு, காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ்.
தள்ளி நில்லுங்க என்றால் நிற்பார்கள்.
மரத்திடம் நடக்காது, நான்தான் தள்ளினேன்.
வலப்பக்கம் இரண்டடி: டிரான்ஸ்பார்மர் போனது.
கொஞ்சம் குனிந்தேன்: எதிர்க்கரைச் செங்கல் சூளை
மருதின் இடுப்புக்குப் பின்னால் ஒளிந்தது.
உரச்சாக்கு ஒன்றைக் காலால் ஒதுக்கினேன்.
ஓர் இடத்தைச் சாந்தமாகக் காட்ட
எத்தனை பேரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

மிச்சம் ஒரே கேள்வி:
தண்ணீர் எவ்வளவு?
பிரேமை மூன்றாக வகுந்து
ஒரு பங்கு நீருக்கு என்பார்கள்.
வழக்கமாக நானும் அப்படித்தான்.
இன்று கேமராவை மேலே, இன்னும் மேலே.
ஏரி வடிந்துகொண்டே வந்தது.
இலை, கிளை, பனியில் வெளுத்த வானம்,
அடியில் மட்டும் ஒரு விரற்கடை நீர்.
முறை வைத்துத் திறக்கையில்
கடைமடை வாய்க்காலுக்கு வந்து சேருமே, அந்த அளவு.
போதும்.
இதற்கு மேல் காட்டினால்
ஒன்றாம் படுக்கை ராவுத்தர் ஐஸ்கட்டி கேட்பார்.

நீர் அசையாதிருக்க வேண்டும்,
மருது தன் காலைத் தானே பார்க்கும்படி.
காத்திருந்தேன்.
அப்போது, அறுத்த வயலிலிருந்து
இறங்கின வாத்துகள்.
ஏரி மொத்தமும் கலங்கல்.
பின்னால் கம்போடு வந்தவர் சன்னாசி.
"எம் பட்டாளம் கெடுத்துருச்சா?
செத்த இருங்க, தெளிஞ்சிரும்."
எத்தனை உருப்படி என்றேன்.
"எழுநூறு. நேத்து ஒண்ணு குறைஞ்சுது."
எனக்குச் சிரிப்பு வந்தது, காரணம் சொல்லவில்லை.
தூக்குவாளியைத் திறந்து நீராகாரம் நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
"நடந்து வந்திருக்கீங்க, ஒரு வாய்."
மூடியில் ஒரு மடக்கு ஊற்றச் சொல்லி
மனசுக்குள் ஐம்பது என்று எழுதிக்கொண்டேன்.
அதில் உப்பு இருந்தது.
உப்பும் கூடாதுதான்.

தெளிந்தது. எடுத்தேன்.

அடுத்த வெள்ளி, அருவியைக் கிழித்துவிட்டு
மருதை மாட்டினார்கள்.
படுத்த பிறகுதான் கண்ணில் பட்டது,
இடது ஓரத்தில்
ஒரு வாத்தின் பின்பாதி.
தலையும் கழுத்தும் பிரேமுக்கு வெளியே.
"வேற பிரிண்ட் போட்டுடறேன்" என்றேன்.
"இருக்கட்டும்யா" என்றார் ராவுத்தர்,
ஊசி ஏறிய கையை அசைக்காமல்.

இப்போது மரத்தை யாரும் பார்ப்பதில்லை.
அது எங்கே போகிறது என்று
நாலு மணி நேரமும் பேசுகிறோம்.
நெல்லு சிந்தின வயலுக்கு என்கிறார் ராவுத்தர்.
கோபித்துக்கொண்டு போகிறது என்கிறார்
இரண்டாம் படுக்கை கண்டக்டர்.
சிஸ்டர் எடை பார்த்து
இரண்டு கிலோ நானூறு கூடுதல் என்று எழுதிக்கொண்டே
அவரும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
சன்னாசியின் கணக்கில்
முந்தின நாள் குறைந்தது ஒன்று.