குன்னூரில் பாதி

சந்தியாகு, வயது நாற்பத்தேழு,
ஊட்டி டெப்போ, பிரேக் பிரிவு.
கம்ப்யூட்டருக்கு இது போதவில்லை.
இரத்த வகை கேட்டது. எடை கேட்டது.
டயாலிசிஸில் கழிந்த மாதங்கள்: முப்பத்தொன்று.
கொடுத்தவர் வயது: ஐம்பத்து மூன்று. பெண்.
பெயர் அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
சேலத்திலிருந்து கோவைக்கு வந்து
ஐஸ் பெட்டியில் காத்திருந்த நேரம் எல்லாம் சேர்த்து
பதினோரு மணி.

டாக்டர் ஷஃபானா திரையை என் பக்கம் திருப்பினார்.
ஒன்பதரை வருடம்.

நானும் இதே வேலைதான் டாக்டர்.
புது லைனிங் மாட்டி முடித்ததும் கேட்பார்கள்,
எத்தனை நாள் தாங்கும் சந்தியாகு?
சமவெளி ரூட் என்றால் ஒரு கணக்கு.
குன்னூர் இறக்கம் என்றால் அதில் பாதி.
மே மாதக் கூட்டமா, இன்னும் கொஞ்சம் கழி.
போஜன் ஓட்டினால் கூட்டு,
இரண்டாவது கியரில்
மலையைத் தடவிக்கொடுத்தபடி இறங்குவார்.
புதிதாக வந்த பையன் என்றால்
நாலு வளைவு தாண்டுவதற்குள் கருகல் வாடை.
சாக்பீஸில் தேதி போட்டு வைப்பேன்.
பெரும்பாலும் பலிக்கும்.
ஒருமுறை பலிக்கவில்லை, காட்டேரி வளைவில்.
அதைப் பற்றி வேண்டாம்.

அதனால்தான் கேட்டேன்:
இந்த ஒன்பதரையில்
டிரைவரைச் சேர்த்தாயிற்றா?

சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்:
உங்களைப் போல நூறு பேர்.
ஒன்பதரை வருடம் கழித்து
ஐம்பது பேருக்கு ஓடிக்கொண்டிருக்கும்,
ஐம்பது பேருக்கு நின்றிருக்கும்.
நீங்கள் எந்த ஐம்பது என்று இதற்குத் தெரியாது.
மாத்திரையை நேரம் தவறாமல் போடுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் ஏறியபோதே நெரிசல்.
மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றேன்.
கல்லாறு தாண்டியதும் கண்டக்டர் சொன்னான்,
யார் டிக்கெட்டையும் பார்க்காமல்,
"பொறுங்க, குன்னூர்ல பாதி இறங்கும்."
எந்தப் பாதி என்று கேட்டால் முழிப்பான்.
பர்லியாரில் பழக்கூடையோடு மூன்று பேர் இறங்கினார்கள்.
குன்னூரில் பாதி இறங்கியது,
சொன்னபடியே.
உட்கார இடம் கிடைத்தும்
ஊட்டி வரைக்கும்
என் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லூர்து கேட்டாள். எண்ணைச் சொன்னேன்.
ஜெனிஃபா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்
"அப்ப எனக்கு இருபத்தாறு" என்றாள்.
மிச்சம் அரை வருடத்தை
யாரும் தொடவில்லை.

என்னுடைய பழைய இரண்டையும் கழற்றவில்லை.
கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்,
டெப்போ பின்புறம்
புல் முளைத்துக் கிடக்கும் வண்டிகளைப் போல.
வலது இடுப்புக்கு மேலே, தொட்டால் தெரிகிற இடத்தில்
இது.
என்னைவிட ஆறு வயது மூத்தது.
வாங்க போங்க என்றுதான் பேசுகிறேன்.
சேலத்து வெயிலில் இருந்தவர்,
ஜனவரி உறைபனி தாங்குவாரா என்று
லூர்து அந்த இடத்துக்கு மட்டும்
கம்பளியில் ஒரு பட்டி தைத்துக் கொடுத்திருக்கிறாள்.
டாக்டரிடம் சொல்லவில்லை.
கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் இல்லை.

முப்பத்தொன்று மாதம்
ஒரு சொட்டு இல்லாமல் இருந்தவன் நான்.
ஒரு வாய்த் தண்ணீருக்கு அளவு பார்த்தவன்.
இப்போது இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறேன்.
கொட்டகையின் தகரம் வெளுத்திருக்கிறது,
செருப்புக்கடியில் புல் நொறுங்குகிறது,
பல் கிட்டுகிறது.
அளவுக் குப்பியை டார்ச்சில் பிடித்துப் பார்க்கிறேன்:
முந்நூற்றைம்பது.
வெதுவெதுப்பாக இருக்கிறது.
ஆவி பறக்கிறது.
கீழே டெப்போவில் முதல் வண்டியை யாரோ
இருமவிட்டு இருமவிட்டுக் கிளப்புகிறார்கள்.
பிடிக்கவில்லை.
மறுபடி.