முப்பத்தைந்து விநாடி

ஈக்காட்டுத்தாங்கல். இரவுப் பணி.
தங்கம் விலைக்கும் செம்பரம்பாக்கம் நீர்மட்டத்துக்கும் நடுவே
உலகத்துக்கு ஒரு சந்து விட்டிருக்கிறார்கள்,
முப்பத்தைந்து விநாடி.

கூட்டணி நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்கள்
பனி கொட்டும் ஏதோ ஒரு நகரத்தில் கூடி
கடல் தாண்டி நிற்கும் தங்கள் படைகளைப் பற்றி
பகல் முழுக்கப் பேசியிருக்கிறார்கள்.
ஒரு பணி தொடரும்.
ஒன்றில் ஆள் குறைப்பு.
மூன்றாவதற்கு ஆறு மாத நீட்டிப்பு.
அங்கே நிலைமை அமைதியாக இருக்கிறதாம்,
எளிதில் உடையக்கூடியதாம்.
பார்சல் பெட்டியின் மேல் ஒட்டுகிற வாசகம்.

அமைதிப்படை என்று தட்டினேன்.
விரலின் பழக்கம்.
ஆறே எழுத்து, கீழ்ப்பட்டையில் சுலபமாக அடங்கும்.

படத்தொகுப்பு அறையில் சுகிர்தன்
அமைச்சர்களை வெட்டிக்கொண்டிருந்தான்:
தண்ணீர் பாட்டில், பெயர்ப்பலகை, கைகுலுக்கல்,
கைகுலுக்கல், மறுபடி கைகுலுக்கல்.
பிறகு கோப்பிலிருந்து எடுத்த படம்.
செம்மண் தெரு. தலைக்கவசம் போட்ட ஒருவன்
பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறான்.
பின்னால் பாதி திறந்த கதவு.
பாதிப் பெண்.

அங்கேயே நிறுத்திவிட்டான்.

"இந்த வார்த்தையா அக்கா போடுறீங்க?"
அவன் பிறந்தது கும்மிடிப்பூண்டி முகாமில்.
கடலுக்கு அந்தப் பக்கத்தை அவன் பார்த்ததில்லை.
"அம்மா இந்தப் பேரைச் சொல்லவே மாட்டா.
இந்தியன் ஆமி எண்டுதான் சொல்லுவா.
இப்பவும் யாராச்சும் கதவைத் தட்டினா திறக்க மாட்டா.
பேர் சொல்லிக் கூப்பிடணும்."
சொல்லிவிட்டுக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டான்.
வாதாட வரவில்லை அவன்.
கதவை மட்டும் வெட்டாமல் விட்டான்.

இரண்டு மணிக்குத் தேநீர்.
வாசல் காவலர் ஏகாம்பரம், கணியம்பாடிக்காரர்,
ஒரு விரல் குறைந்த கையால் கோப்பையைப் பிடித்திருந்தார்.
கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.
"எண்பத்தெட்டு, மேடம்.
சண்டைன்னு யாரும் சொல்லல, சமாதானம்னாங்க.
கம்பளி வேணாம், கொசுவலை எடுத்துக்கோன்னாங்க.
தமிழ் தெரிஞ்சவன்னு என்னை முன்னால விட்டாங்க.
கதவைத் தட்டுறது என் வேலை."
"என்ன சொல்லித் தட்டுவீங்க?"
"பயப்படாதீங்கம்மான்னு."
தேநீரில் விழுந்த ஈசலை
மெதுவாக எடுத்து வெளியே விட்டார்.
"திரும்பி வந்து ஹார்பர்ல இறங்கினப்போ
பேண்டு வாசிச்சாங்களான்னு கேப்பாங்க எல்லாரும்.
எனக்கு நினைவே இல்ல.
தூக்கம். அப்படி ஒரு தூக்கம்."

மேலே வந்தேன். வார்த்தையை அழித்தேன்.
பன்னாட்டுப் படை. இல்லை.
அமைதி காக்கும் பணி என்றால்
காக்க ஒரு அமைதி முதலில் இருக்க வேண்டும்.
கடைசியில் எழுதியது
வெளிநாடுகளில் நிறுத்தப்பட்டுள்ள படைகள்.
நீளம். கீழ்ப்பட்டையில் நிற்காது,
ஓடும்.

ஆறு மணிச் செய்தி.
வாசிப்பவள் அதைச் சரியாகத்தான் வாசித்தாள்,
கடைசி வரியில் தானாகவே
"அமைதிப்படை" என்று முடித்தாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
செம்பரம்பாக்கம் பத்தொன்பது அடி.

சனிக்கிழமை விடுப்பு கேட்டிருக்கிறான் சுகிர்தன்.
முகாமில் தலை எண்ணுகிறார்கள்,
ஆள் இல்லாவிட்டால் பதிவு போய்விடும்.
தற்காலிகம் என்று சொல்லித் தொண்ணூறில் போட்ட தகரம்.
அதற்கு நீட்டிப்பு தர
எந்த மேசையிலும் எவரும் கூடியதில்லை,
அதுவாக நீண்டுகொண்டது.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.
பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டான்.
பின்னாலேயே ஏகாம்பரம் ஓடுகிறார்,
மறந்துவிட்டுப் போன ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு,
தெரு முழுக்கக் கேட்கும்படி
அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபடி.